எட்டடிக்கு ஒரு வார்த்தை

திருப்பதி அண்ணாச்சி கடைக்குள் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஃபேனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, “ஏம்மா காளீஸ்வரி, பழிவாங்குததுக்கு இங்கிலீஷ்ல என்ன?” என்று கேட்டார். நான் அப்போது ஒரு வார்டு பிரமுகரின் கன்னத்திலிருந்து மருவை எடுத்துக்கொண்டிருந்தேன். மரு போய்விட்டது. கூடவே பாதி மீசையும் போய்விட்டது.

கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை எங்களுடையது. எங்களுடையது என்றால் முதலாளி பூவனலிங்கம் அவர்களுடையது. கம்ப்யூட்டரும் முதுகுவலியும் மட்டும் என்னுடையவை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்போம். பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் நான். அந்தப் படிப்பு எனக்கு இன்றுவரை பயன்பட்டது ‘வெல்கம்’ அடிக்க மட்டும்தான். அதையும் கூகுளே போட்டுக்கொடுக்கும். அதனால் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்து என்னிடம் இங்கிலீஷ் வார்த்தை கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எதற்குக் கேட்கிறார் என்பதெல்லாம் பிறகுதான்.

அண்ணாச்சி எங்களுக்குப் பழைய வாடிக்கை. ஆனால் ஒருநாளும் புதிதாக எதையும் அடித்தவரில்லை. பசுவந்தனைப் பக்கம் கரிசக்காட்டில் மக்காச்சோளம் போடுகிறவர். நாங்கள் கோணலாக அடித்துத் தூக்கிப் போடும் ஃப்ளெக்ஸை எடைக்கு வாங்கிப் போவார். காட்டைச் சுற்றிலும் கம்பு நட்டு அதைக் கட்டினால் பன்றி வராதாம். எத்தனையோ தலைவர்கள் அவருடைய காட்டில் கும்பிட்டபடியே பன்றிக்குக் காவல் நிற்கிறார்கள். உருப்படியாக ஒரு வேலை பார்க்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

“யாரை அண்ணாச்சி பழிவாங்கப் போறீங்க?”

அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கல்யாண ஃப்ளெக்ஸ். நடுவில் பொண்ணும் மாப்பிள்ளையும். பொண்ணை எனக்குத் தெரியும். உமாராணி. ஒரே டவுன் பஸ்ஸில், சில நாள் ஒரே சீட்டில், காலேஜுக்குப் போனவர்கள் நாங்கள். அண்ணாச்சியின் தங்கை இசக்கிச்செல்வியின் மகள். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம்.

“நல்லாத்தானே இருக்கு?”

“மேல பாரு.”

மேலே பார்த்தேன். மேல் வரிசையில் உமாராணியின் அப்பாவைப் பெற்ற தாத்தா, ஆச்சி. அம்மாவைப் பெற்ற தாத்தா, ஆச்சி. நாலு பேரும் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்கு ஆகிறது. நாலு பேருக்கும் நடுவில், அவர்களைவிடக் கொஞ்சம் பெரிதாக, திருப்பதி அண்ணாச்சி. எல்லார் படத்துக்கும் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு, நன்றாகச் சுடர்விட்டு எரிகிறது. கீழே ‘ஆசியுடன்’.

எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஃப்ளெக்ஸில் மேல் வரிசை, பக்கத்தில் விளக்கு என்றால் ஆள் காலி. உயிரோடு இருப்பவர்களுக்குக் கீழ் வரிசை. அங்கே கூலிங் கிளாஸ்கூடப் போட்டுக்கொள்ளலாம். மேலே போனவர்களுக்கு விளக்கு மட்டும்தான்.

நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். சிரித்துவிட்டேன்.

“சிரி. ஊரே சிரிக்கி. பால்காரன் காலைல வந்து என்னயப் பாத்ததும் கேனக் கீழ போட்டுட்டான். ஒட்டப்பிடாரத்துல எங்க ஒண்ணுவிட்ட மதினி இருக்கால்லா? யாரோ போட்டோ அனுப்பிட்டான். முத பஸ்ஸப் பிடிச்சு, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு வந்துட்டா. நான் வாசல்ல பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கேன். ‘ஏய், நான் இருக்கம்ட்டி’ன்னா கேக்கணும்லா? வந்ததுக்கு ஒரு பாட்டம் அழுதுட்டுத்தான் போனா.”

“யாரு அண்ணாச்சி இப்பிடி டிசைன் பண்ணது?”

“வேற யாரு? எம்மே பீயெட்டு.”

உமாராணியின் அப்பா சுடலைமணி சார். எனக்கும் ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் எடுத்தவர். ‘எழுவாய் எங்கே?’ என்று கேட்டு, நான் திருதிருவென்று முழித்ததற்கு ஒரு மத்தியானம் முழுக்க வெயிலில் நிற்க வைத்தவர். கோபம் வந்தாலும் இங்கிலீஷ், சந்தோஷம் வந்தாலும் இங்கிலீஷ். பசித்தால் மட்டும் தமிழ் பேசுவார். யாரையும் நம்பாத மனிதர். ஃப்ளெக்ஸையும் தானே போனில் ஏதோ ஆப்பில் செய்து, வேறு கடையில் கொடுத்து அடித்து வாங்கியிருக்கிறார். எங்கள் கடையில் கொடுத்திருந்தால் உயிரோடிருப்பவரை உயிரோடு விட்டிருப்போம்.

“போய்க் கேட்டீங்களா?”

“கேக்காம? தெருவுல நின்னு கேட்டேன். நீயெல்லாம் ஒரு வாத்தியாரா, பள்ளிக்கொடத்துல மணி அடிக்கத்தான் லாயக்குன்னேன். அவன்கூட வேலை பாக்கிற வாத்திமாரு நாலு பேரு உள்ள காப்பி குடிச்சுக்கிட்டு இருந்திருக்கான். எனக்குத் தெரியாது. இவன் வெளிய வந்தான். மூஞ்சி செவந்து போச்சு. என்னயப் பாத்து நாலு வரி இங்கிலீஷ்ல சொன்னான். கடகடன்னு. சொல்லிட்டு உள்ள போய்க் கதவச் சாத்திட்டான்.”

“என்ன சொன்னாரு?”

“அது தெரிஞ்சா நான் ஏன் இங்கன வாரேன்?” அண்ணாச்சியின் குரல் உடைந்துவிட்டது. “வஞ்சானா வாழ்த்துனானா, ஒரு எழவும் தெரியல. தமிழ்ல வஞ்சிருந்தா நானும் அங்கனயே நாலு வச்சிருப்பேன். எல்லாரும் என் வாயப் பாக்கான். நான் என்னத்தச் சொல்ல? ‘ஓகே’ன்னுட்டு வந்துட்டேன்.”

எனக்கு அந்த ‘ஓகே’தான் தாங்க முடியவில்லை. என்ன வசவு வாங்கினோம் என்றே தெரியாமல் அதற்கு ஓகே சொல்லிவிட்டு வருவதைவிடப் பெரிய அவமானம் இருக்கிறதா?

“அதனால அவனுக்குத் தமிழ்ல சொன்னா உறைக்காது. இங்கிலீஷ்ல வேணும். ஒரே வார்த்தை. எட்டடி போர்டு. அவன் வீட்டு காம்பவுண்டுக்கு எதுத்தாப்புல மண்டப வாசல். அங்கன வைக்கப் போறேன்.”

நான் மரு பிரமுகரை அப்படியே விட்டுவிட்டு அகராதியைத் திறந்தேன். ஒன்பதாம் வகுப்பு வெயில் எனக்கும் இன்னும் இறங்கவில்லை.

முதலில் ‘ரிவெஞ்ச்’ சொன்னேன். சோப்பு பெயர் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டார். ‘வெஞ்சன்ஸ்’ என்றேன், அதையே இன்னும் கொஞ்சம் பெரிய மனுஷத்தனமாகச் சொல்வது. “வெஞ்சனமா? தொட்டுக்கிடுததுக்கு வைக்கிறதுல்லா? கல்யாண வீட்டு வாசல்ல வெஞ்சனம்னு போர்டு வச்சா பந்திக்குல்லா ஆளு வரும்” என்றார். அதுவும் போயிற்று. ‘டிட் ஃபார் டாட்’ தவில்காரன் தட்டிப் பார்ப்பது மாதிரி இருந்ததாம். ‘பேபேக்’ பேங்குக்காரன் போனில் கூப்பிடுவது மாதிரி.

“கண்ணுக்குக் கண்ணுன்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. ஐ ஃபார் அன் ஐ. வேதத்துல உள்ளது.”

“அவன் போட்டுருக்கது சோடாபுட்டிக் கண்ணாடி. அந்தக் கண்ண வாங்கி நான் என்ன செய்ய?”

“அவிய மருந்த அவியளுக்கே குடுக்கதுன்னு ஒண்ணு. டேஸ்ட் ஆஃப் யுவர் ஓன் மெடிசின்.”

“அவன் சுகர் மாத்திரை திங்கான். அதுல என்ன பழி இருக்கு? வேளா வேளைக்கு எந்தங்கச்சிதான் எடுத்துக் குடுக்கா.”

இங்கிலீஷ்காரர்கள் பழிவாங்குவதற்கு இத்தனை வார்த்தை வைத்திருக்கிறார்கள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. திருப்பி அடிப்பதற்கு ஒன்று, கணக்குத் தீர்ப்பதற்கு ஒன்று, பரம்பரை பரம்பரையாக வெட்டிக்கொள்வதற்கு இத்தாலிக்காரனிடமிருந்து தூக்கிவந்த ஒன்று. நன்றாக வாழ்ந்த ஜனங்கள். எல்லாவற்றையும் சொன்னேன். ஜவுளிக்கடையில் சேலை பார்க்க வந்த பெண்பிள்ளை மாதிரி, அண்ணாச்சி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கிக்கொண்டே வந்தார்.

“கெட் ஈவன்” என்றேன். “சமமாகுததுன்னு அர்த்தம். அவிய செஞ்சதுக்கு நீங்க செஞ்சு, ரெண்டு பேரும் சமம்.”

இதை மட்டும் அவர் உடனே ஒதுக்கவில்லை. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “சமம்லாம் வேண்டாம்மா. நான் தாய்மாமன். நான் ஒரு படி மேல நிக்கணும்.”

கடைசியில் ‘ரிடாலியேஷன்’ சொன்னேன், வாங்கினதைத் திருப்பிக் கொடுப்பது. இங்கிலீஷில் எழுதிக் காட்டினேன்.

“இது எத்தன அடி வரும்?”

“நீங்க சொன்ன எட்டடிக்கு, இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் சரியா வரும்.”

“அப்பம் இதான்” என்றார். மற்ற வார்த்தைகள் போர்டில் பாதிக்குத்தான் வரும், மீதிக்கும் சேர்த்துத் துட்டு கொடுக்க அவர் தயாரில்லை. விவசாயி அல்லவா.

“கீழ என்ன போட? சாருக்கும் மேல் வரிசைல ஒரு விளக்கு வச்சுருவமா?”

“ஐயையோ!” என்று எழுந்துவிட்டார். “எந்தங்கச்சி கழுத்துல தாலி கெடக்கு. அவன் போட்டோவுக்கு வெளக்கு வச்சா அறுக்கது யாரு? அவல்லா? அந்த நெனப்பே வேண்டாம்.” சுவரில் ஒட்டியிருந்த அம்மன் காலண்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார். தங்கச்சி புருஷனைப் பழிவாங்குவது இந்த நாட்டில் ரொம்பச் சிரமம். எங்கே அடித்தாலும் தங்கச்சிக்கு வலிக்கிறது.

“அவனச் சாகடிக்க முடியாது” என்றார் கடைசியில். “அதனால நானே செத்துருதேன்.”

“அண்ணாச்சி!”

“போர்டுலம்மா. அவன்தான் கொன்னுட்டானே, அத நான் முழுசா முடிச்சு வைக்கேன். எனக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி அடி. என் போட்டோவப் பெருசாப் போடு. மேல அந்த இங்கிலீஷு. கீழ, ‘ஆற்றொணாத் துயருடன், மைத்துனர் சுடலைமணி, எம்.ஏ., பி.எட்.’னு போடு. அவன் பேருலயே நான் சாவுதேன். ஊரு அவனக் கேக்கட்டும்.”

கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இறந்தவரே வந்து நின்று, கண்ணீர்த் துளி இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அடித்தேன். நன்றாகவும் வந்தது. மிஷினிலிருந்து அவர் முகம் மெல்ல மெல்ல இறங்கியபோது, முதலாளி எட்டிப் பார்த்து, “எப்பம் தவறுனாரு? நேத்துகூட இங்கன வந்தாரே” என்று கேட்டார். பின்னாலிருந்து அண்ணாச்சி, “இன்னைக்கும்தான் வந்திருக்கேன்” என்றார்.

மை காயட்டும், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. “அண்ணாச்சி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்த ஊரு?”

“சாத்தூரு.”

“அவியளுக்கு உங்களத் தெரியாதே. வேன்ல வந்து எறங்குவாவ. மண்டப வாசல்ல மொத மொத பாக்கது இந்த போர்டத்தான். தாய்மாமன் செத்த வீட்டுல தாலி கட்டுவாவளா? வண்டியத் திருப்பிருவாவ. உமா கல்யாணம் நின்னுரும்.”

இந்த யோசனை அவருக்கு வந்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தாய்மாமன்தான் முதல் மாலையைப் போட்டுப் பொண்ணை மணவறைக்குக் கூட்டிப் போக வேண்டும். உமா பிறந்த அன்றைக்கே, அந்த மாலைக்கு எந்தப் பூ என்று சொன்ன மனிதர் அவர். பஸ்ஸில் உமா எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

“நிக்கட்டும்” என்றார். சொல்லிவிட்டு, போகும்போது செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

வாடிக்கையாளர் என்ன அடிக்கிறார் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது கடை விதி. இல்லையென்றால் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே நாளில் வந்து கடையைக் கொளுத்துவார்கள். நான் அவர் தெருமுனை தாண்டும் வரைக்கும் விதியைக் காப்பாற்றினேன். பிறகு உமாராணிக்குப் போன் போட்டேன்.

மறுநாள் அண்ணாச்சி வந்து, போர்டைத் தரையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உமா வந்து நின்றாள். பந்தக்கால் நட்டபிறகு பொண்ணு வாசல் தாண்டக் கூடாது. அவள் ஊர் தாண்டி, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் மருதாணி, இன்னும் காயவில்லை. எதையும் தொடாமல் கைகளைத் தூக்கிக்கொண்டே நின்றாள். கீழே மாமா கண்ணீர்த் துளிக்குள் கிடந்தார்.

“நல்லா இருக்கு மாமா” என்றாள். “போட்டோ யாரு எடுத்தது? நான் எடுத்தது. பொங்கலுக்கு.”

அண்ணாச்சி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு அப்பா இங்கிலீஷ்ல என்ன சொன்னாவன்னு தெரியுமா உங்களுக்கு?”

“கெட்ட வார்த்தையாத்தான் இருக்கும்.”

“‘எங்கப்பாவுக்குச் சமமா உங்கள வச்சேன். அவியளவிடப் பெருசா வச்சேன். இதுக்கு மேல எங்க வைக்க?’ இதத்தான் சொன்னாவ. நான் சன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அண்ணாச்சி திரும்பினார்.

“தாய்மாமனுக்கு எல்லாருக்கும் மேல எடம் வேணும்னு அவியளே உக்காந்து செஞ்சாவ மாமா. அந்த ஆப்புல மேல் வரிசைன்னா வெளக்கு தானா வந்துருது. போன் ஸ்கிரீன்ல அவிய அதப் பூன்னு நெனச்சுட்டாவ. அடிச்சு மாட்டின பெறவுதான் பாத்தாவ. அன்னைக்குச் சாயங்காலமே கழட்டணும்னு இருந்தாவ.”

“பெறவு ஏன் கழட்டல?”

“நீங்க வந்து, மணி அடிக்கத்தான் லாயக்குன்னீங்கள்லா. இனி கழட்டினா தப்புன்னு ஒத்துக்கிட்டதா ஆயிரும்னு சொல்லிட்டாவ.”

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. இரண்டு பேருக்கும் வயசு ஐம்பதுக்கு மேல். ஒருத்தர் வம்புக்குச் சாகிறார், இன்னொருத்தர் வம்புக்குப் பிணத்தைக் கழட்ட மாட்டேன் என்கிறார்.

“அதத் தமிழ்ல சொல்லித் தொலஞ்சா என்னவாம்?” என்றார் அண்ணாச்சி.

“அப்பாவுக்கு அழுக வந்தா இங்கிலீஷ்தான் வரும் மாமா.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மனுஷன் கரிசல்காரர் இல்லையா? அவ்வளவு லேசில் இளகிவிடுவாரா? “எல்லாஞ்சரி. வெளக்கு வெளக்குதான. அவன் வந்து கூப்பிடட்டும்” என்றார்.

உமா என் பக்கம் திரும்பினாள். “அப்பம் சரி. காளி, என் போட்டோ உங்கிட்ட இருக்கில்லா? அதையும் மேல் வரிசைல வை. மாமாவுக்குப் பக்கத்துல. வெளக்கு நல்லாப் பெருசா இருக்கட்டும்.”

“ஏட்டி!” அண்ணாச்சி போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். “வாயக் கழுவு! நல்ல நாளும் அதுவுமா, என்ன வார்த்தடி சொல்லுத?”

“நீங்க செத்துட்டா எனக்கு மாலை யாரு போடுவா? மாலை இல்லாம நான் எப்பிடி மணவறைக்குப் போவேன்? மாமா போன எடத்துக்கே போறேன்.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை. மருதாணி. நான்தான் என் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். எனக்கும் துடைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி குனிந்து, போர்டைத் தன் முகம் உள்பக்கமாக வரும்படி சுருட்டினார். “பன்னிக்கு ஆகும்” என்றார். சுருட்டியதைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

“மாமா, வருவீங்களா?”

“செத்தவங்கிட்டப் போய்க் கேக்கியே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வருவாரா மாட்டாரா என்று எனக்கும் தெரியவில்லை. உமாவுக்கும் தெரியவில்லை. அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் முதல் பஸ்ஸிலேயே போனேன். கையில் ஒரு சின்னச் சுருள். ஃப்ளெக்ஸில் ஒரு பெயர் தப்பானாலோ, ஒரு தலைவர் கட்சி மாறினாலோ, முழுசாக அடிக்க மாட்டோம். அந்த இடத்துக்கு மட்டும் அதே நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் அடித்து மேலே ஒட்டிவிடுவோம். விளக்கை மறைக்கிற அளவில், யாருக்கும் சொல்லாமல், இரண்டு மூன்று அடித்து எடுத்துப் போயிருந்தேன். சார் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் திருட்டுத்தனமாக ஒட்டிவிடுவதாகத் திட்டம்.

இறங்கினால் விடிந்தும் விடியாமலும் இருக்கிறது. மண்டபத்தில் இப்போதுதான் ரேடியோ செட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் அந்த ஃப்ளெக்ஸ். அதன்மேல் சாய்த்த மூங்கில் ஏணியின் உச்சியில், புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பனியனோடு சுடலைமணி சார். கையில் பிளேடு. ஏணியைப் பிடிக்க ஆளில்லை. யாரையாவது கூப்பிட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் அல்லவா. பாதிக்கு மேல் அறுத்துத் தள்ளிவிட்டார். சோடாபுட்டி வழியாக எந்த விளக்கு யாருடையது என்று தெரியாமல் ஒரு பக்கமிருந்து எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டே வந்திருக்கிறார். நான் பேச வாயெடுப்பதற்குள் ஏணியின் கால் கரிசல் புழுதியில் ஒரு சாண் வழுக்கியது.

எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. திருப்பதி அண்ணாச்சி பாய்ந்து ஏணியைப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து புது பிளேடு ஒன்று, தாளோடு, கீழே விழுந்தது. அவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார். காலடியில் வாழையிலைப் பொதி. அதிலிருந்து மல்லிகை வாசம் வந்தது. எனக்கு அப்போதே மனசு ஆறிவிட்டது.

மேலே இருந்தவர் குனிந்து பார்த்தார். கீழே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ரேடியோ செட்டுக்காரன் மட்டும் ‘ஹலோ, ஹலோ’ என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“மாப்ள” என்றார் அண்ணாச்சி. “இப்பம் நான் இந்த ஏணிய விட்டேம்னா, அதுக்கு இங்கிலீஷ்ல ரிடாலியேஷன். சரிதானா?”

சார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ‘எழுவாய் எங்கே’ என்று கேட்பாரோ என்று எனக்குப் பயம். “சரிதான் மச்சான்” என்றார்.

“எட்டடிக்கு வரும்.”

“வரும்.” சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “விட்டுராதீங்க. எனக்குக் காலு நடுங்குது.”

தமிழில்தான் சொன்னார். அண்ணாச்சி ஒரு காலை ஏணியின் கடைசிப் படியில் அழுத்தி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அறுத்த ஓட்டைகளுக்கு மேலே நான் கொண்டுவந்த ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக எட்டிக் கொடுத்தேன். போதவில்லை. மிச்ச ஓட்டைகளில் சார் சந்தனத்தைக் குழைத்து அப்பினார்.

அதில் ஒரு சங்கடம் வந்தது. விளக்குப் போனதும் மேல் வரிசையில் எல்லாருமே உயிரோடு வந்துவிட்டார்கள். சாத்தூர் வேனிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அத்தை போர்டை நிதானமாகப் படித்துவிட்டு, “பொண்ணோட தாத்தா ஆச்சி எல்லாரும் இருக்காவளா? குடுத்து வச்ச புள்ள. எங்க இருக்காவ, விழுந்து கும்பிடணுமே” என்று தேட ஆரம்பித்துவிட்டாள். இசக்கிச்செல்வி அம்மா திகைத்துப்போய் அண்ணனைப் பார்த்தாள்.

“அவிய வர நேரமாவும், நீங்க சாப்பிடுங்க” என்றார் அண்ணாச்சி, முகத்தை மாற்றாமல்.

முகூர்த்த நேரத்தில் வாழையிலைப் பொதியைப் பிரித்தார். ஊரே பார்க்கும்படி, மாலையை இரண்டு கையிலும் ஏந்தி, உமாராணியின் கழுத்தில் போட்டார். அவள் கையில் மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. அந்தக் கையால் அவர் காலைத் தொட்டாள். தூக்கி நிறுத்தி, அவள் கையைப் பிடித்து மணவறைப் பக்கம் கூட்டி வந்தார். வழியில் சுடலைமணி சார் நின்றுகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் அந்த நாலு வாத்தியார்களும்.

சார் அண்ணாச்சியைப் பார்த்தார். முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். கடகடவென்று நாலு வரி, இங்கிலீஷில்.

நாலு வாத்தியார்களும் தரையைப் பார்த்தார்கள். அண்ணாச்சி நின்றார். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். நான் பி.ஏ. இங்கிலீஷ்; எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்திருந்தது. சொல்லலாம் என்று முன்னால் போனேன்.

“வேண்டாம்மா” என்று கையைக் காட்டினார். “அழுதான். எனக்கு வெளங்கிருச்சு.”

துண்டை எடுத்துச் சாரிடம் நீட்டிவிட்டு, பொண்ணைக் கூட்டிக்கொண்டு மணவறைக்குப் போனார்.